டேங்குக்கு அடியில் ஒரு பேர்

அந்தப் பட்டறையில் சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு முப்பத்து நான்கு.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் ஃபைபர் படகு கட்டுகிற பட்டறை அது. நடத்துகிறவள் டெல்பினா. சீடர் லாசர், துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் பார்த்தால் அவளை 'ஏ பிள்ளே' என்றுதான் கூப்பிடுவார். பட்டறைக்குள் வந்துவிட்டால் 'மேஸ்திரி', 'நீங்க'. அந்த விஷயத்தில் மனிதர் ஒருநாளும் தவறியதில்லை.

மகன் ஜெரினுக்குத் தன் கையாலேயே ஒரு படகு கட்டித் தர வேண்டும் என்றுதான் அவர் வேலை கற்க வந்தார். எட்டு மாதத்தில் படகு உருவாகிவிட்டது. பெட்ரோல் டேங்க் மட்டும் பாக்கி.

அங்கேதான் லாசர் மாட்டிக்கொண்டார். டேங்க் ஒழுகினால் பெட்ரோல் படகின் அடியில் போய்த் தேங்கும். அப்புறம் ஒரு பொறி போதும். நடுக்கடலில் மகன் எங்கே ஓடுவான்?

"மேஸ்திரி, பிளாஸ்டிக் டேங்க் போடவா, அலுமினியம் போடவா?"

"நீங்க என்ன நினைக்குதீங்க அண்ணாச்சி?"

"நான் நினைக்கது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"அந்தப் பலகையைக் கொஞ்சம் பிடிங்க."

பத்து நாள் இதே கேள்வி, இதே மாதிரி ஒரு பதில். ஒருநாள் பலகை, ஒருநாள் பிரஷ், ஒருநாள் டீ.

பதினோராம் நாள் லாசர் பொறுமை இழந்தார். வீட்டிலேயே அலுமினியத் தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்து, ஒரு டேங்க் செய்து தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். படகின் வயிற்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது அது. வெல்டிங் வைத்த இடத்தில் விரலை ஓட்டினால் எங்கும் தடுக்கவில்லை. அதன் தலையில் சிவப்பு பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'லாசர் செய்தது'. வரும் வழியில் தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் அவரும் சுற்றுவழியாக வந்தார்.

டெல்பினா டேங்கைத் தட்டிப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள்.

"வேலை சுத்தம்."

எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. லாசருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"ஆனா பேரு இங்க வரக்கூடாதே அண்ணாச்சி. டேங்க் உக்காருத இடத்துல, படகுல எழுதணும். டேங்குக்கு அடியில. நம்ம பட்டறை வழக்கம் அதான்."

"அடியில எழுதுனா எவன் பாப்பான்?"

லாசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். டேங்க் ஆடாமல் இருக்க ஒரு சாக்கை நாலாக மடித்துப் படகில் விரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து முத்தமிட்டார்.

மரப்படகு காலத்தில், அடிமரம் பொருத்தும்போது இணைப்பில் மந்திரித்த காசு ஒன்று வைப்பார்கள். ஃபைபர் படகில் இணைப்பு ஏது? அதனால் இந்த ஊரில் டேங்குக்கு அடியில் வைக்கத் தொடங்கினார்கள். லாசர் கையில் இருந்தது அவர் தாத்தாவின் படகில் இருந்த காசு. அதைச் சாக்கின் நடுவில் வைத்துவிட்டு டேங்கைத் தூக்கினார்.

"கொஞ்சம் பொறுங்க. காசை எடுத்துக்கிட்டு எங்கூட வாங்க."

பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய இரண்டு பழைய டேங்குகள் இருந்தன. டெல்பினா பாயை விலக்கினாள். முதலாவது அலுமினியம். அதன் தலையில் நீல பெயிண்டில் கொடியும் பூவுமாக 'டெல்பினா' என்று எழுதியிருந்தது.

"உங்க பேரா?"

"எம் பேருதான். நான் கட்டுன முதல் படகு. எந்தம்பி கடலுக்குக் கொண்டு போனான். புரட்டிப் பாருங்க."

லாசர் புரட்டினார். அடியில் வட்டமாக ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி. கையிலிருந்த காசை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

"செம்பு..." என்றார் மெதுவாக.

"செம்பு. அதுக்குக் கீழ சாக்கு. சாக்குல ஊறுன உப்புத்தண்ணி."

இது அவருக்குத் தெரியாத சங்கதியா? செம்பும் அலுமினியமும் கடல்தண்ணீரில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்துப் போகும் என்று துறைமுகத்தில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர். தாத்தாவின் காசு என்று வந்தபோது அது செம்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது.

"தம்பிக்கு என்ன ஆச்சு?"

"பெட்ரோல் வாடை வந்ததும் மோட்டாரை அமத்திட்டான். துடுப்புப் போட்டே வந்தான். மறுநாள் மத்தியானம் கரை சேந்தான். உள்ளங்கையில தோலு இல்ல."

"அதுவரைக்கும் யாரும் இதைத் தூக்கிப் பாக்கலையா?"

"மூணு வருஷம் பாக்கல. மேல பளபளன்னு இருந்துச்சு. பேரும் மேலேயே இருந்துச்சு. எதுக்குத் தூக்கப் போறாங்க?"

லாசர் அந்த டேங்கைப் பழையபடி கவிழ்த்து வைத்தார்.

"அப்ப பிளாஸ்டிக்கே போட்டுருவோம் மேஸ்திரி. அதை அரிக்காதுல்லா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவள் இரண்டாவது டேங்கை இழுத்து முன்னால் போட்டாள். பிளாஸ்டிக். அதிலும் தலையில் 'டெல்பினா'. இந்த முறை எழுத்து இன்னும் பெரிசு. அடிமூலையில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

"பெட்ரோல் ஊத்துனா பிளாஸ்டிக் கொஞ்சம் வீங்கும். டேங்க் அசையக்கூடாதுன்னு நான் நாலு பக்கமும் கட்டை கொடுத்து இறுக்கிட்டேன். வீங்க இடம் இல்ல. வெடிப்பு விட்டுருச்சு."

லாசர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் வெட்கம் துளிகூட இல்லை.

"இந்தக் கடற்கரையில எத்தனையோ பட்டறை இருக்கு அண்ணாச்சி. தான் கெடுத்ததைத் தூக்கிப் போடாம வெச்சிருக்கது நான் ஒருத்திதான்."

பத்துப் படகு கட்டிக் கடலில் இறக்கியதைச் சொல்கிற மாதிரி அதைச் சொன்னாள். லாசருக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. வாயால் சொல்கிற மரியாதைதான் இதுவரை இருந்தது.

மறுநாள் அவர் சாக்கை எடுத்து எறிந்தார். காசை மகனிடம் கொடுத்து, கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொள்ளச் சொன்னார். டேங்கின் அடியில் கெட்டியான ரப்பர் துண்டுகளை இடைவெளி விட்டு ஒட்டினார். கீழே விரல் நுழைகிற அளவு காற்றும், தண்ணீர் வடிய வழியும் இருந்தது. தலையில் எழுதிய சிவப்புப் பேரைத் தின்னர் போட்டுத் துடைத்தார். அது போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

எல்லாம் முடிந்தது. டேங்க் உட்கார வேண்டிய இடத்தில் தன் பேரை எழுதினார். எழுதிவிட்டுப் பிரஷைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

"எந்த டேங்க்னு நீங்க கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே மேஸ்திரி."

"அதான் போட்டுட்டீங்களே."

"போட்டுட்டேன். நல்லாவும் போட்டுருக்கேன். எனக்கே தெரியுது. ஞாயித்துக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டான். பூசை முடிஞ்சதும் ஊரே கரைக்கு வந்து புதுப் படகைச் சுத்திச் சுத்திப் பாக்கும். டேங்க் வேலை யாரு, பேரைக் காட்டுன்னு கேப்பானுவ. நான் எதைக் காட்ட?"

டெல்பினா டேங்கைத் தூக்கி அவர் பேரின்மேல் உட்கார வைத்தாள். அதை இழுத்துப் பிடிக்கிற பட்டையை மேலே மாட்டினாள்.

"கேக்கட்டும் அண்ணாச்சி. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேக்கட்டும். பட்டையை அவுத்து, டேங்கைத் தூக்கிக் காட்டுங்க."