கோமுவின் கட்டிலுக்கு மேலே

"சாமி, அந்த முத்துவேலுக்குப் புத்தி வர ஒரு வழி சொல்லுங்க."

வைகுண்டம் அண்ணாச்சி மடத்துக்கு வந்ததும் வராததுமாகக் குருவிடம் ஆரம்பித்துவிட்டார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

முத்துவேல் வீடு பழுதுபார்க்கும் காண்ட்ராக்டர். அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடியில் ஒழுகலை அடைத்தவன். அடைத்த லட்சணம், அடுத்த மழைக்கே படுக்கையறை சீலிங் ஊறிப் பூச்சு உப்பிவிட்டது.

குருவுக்கு வயது நாற்பது. அண்ணாச்சிக்கு அறுபத்துமூன்று. ஆனாலும் மடத்துக்கு வந்தால் அண்ணாச்சி கைகட்டித்தான் நிற்பார். கைதான் கட்டும், வாய் கட்டாது.

"கேஸ் போட்டு எட்டு மாசம் ஆச்சு சாமி. நுகர்வோர் கோர்ட்டுல."

"முத்துவேல் என்ன சொல்லுதான்?"

"ரெண்டு தடவை வந்தான். தப்புதான் அண்ணாச்சி, எல்லாத்தையும் தட்டிட்டுப் புதுசாப் பூசித் தாரேன்னான். ஏலே, வெளிய போன்னு விரட்டிட்டேன்."

"ஏன்?"

"தொட்டா ஆதாரம் போயிரும்லா! கோர்ட்டுல இருந்து ஆள் வந்து பாக்கணும். அதுவரைக்கும் ஒரு பொட்டு உதிரப்படாது."

மனுஷர் சர்வே ஆபீசில் முப்பத்தொரு வருஷம் நிலம் அளந்தவர். ஞாயிறு தவறாமல் ஏணி போட்டு ஏறுவார். ஈரம் பரவிய ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துத் தேதி எழுதுவார். விரிசலை ஸ்கேல் வைத்து அளப்பார். போட்டோ எடுப்பார். அந்த சீலிங்குக்கு நடந்த கவனிப்பு சம்பந்தி வீட்டாருக்குக்கூட நடந்திருக்காது.

"நேத்து அளந்தேன் சாமி. ஒன்பது மில்லிமீட்டர் ஆயிருச்சு!"

சொல்லும்போது முகத்தில் சந்தோஷம். அட பாவி மனுஷா!

"அந்த ரூம்ல யாரு படுக்கா?"

"கோமுதான். என் சம்சாரம். முட்டுவலிக்காரி. பாத்ரூம் அந்த ரூமை ஒட்டித்தான் இருக்கு. வேற எங்க படுப்பா?"

"நீங்க?"

"நான் ஹால்ல. சிமெண்டுத் தூசி எனக்கு ஒத்துக்காது சாமி."

குரு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்க, போய்ப் பாப்போம்."

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. குரு யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. வழி நெடுக அண்ணாச்சி கேஸைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அறையில் கோமு படுத்திருந்தாள். குருவைக் கண்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

குரு அண்ணாந்து பார்த்தார். உப்பிய பூச்சு சரியாக அவள் தலைமாட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"மதினி, ஒரு காப்பி கிடைக்குமா? இப்பவே வேணும்."

கோமு சுவரைப் பிடித்துப் பிடித்து அடுக்களைக்குப் போனாள்.

அவள் வாசல்நிலையைத் தாண்டினாளோ இல்லையோ, குரு மூலையில் கிடந்த ஒட்டடைக்கம்பை எடுத்தார். அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துக் கதவோரத்துக்கு இழுத்தார். அங்கிருந்தே கம்பை நீட்டி, உப்பிய இடத்தில் ஒரு குத்து.

"சாமி!"

மடேர் என்று விழுந்தது. சிமெண்டு பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அம்மிக்கல் கனத்தில் ஒன்று நேராகத் தலையணைமேல் இறங்கியது. கட்டில் சட்டம் முறிந்து ஒரு பக்கம் சாய்ந்தது. அறை முழுக்க ஒரே புழுதி.

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்.

"ஐயோ, போச்சே! எட்டு மாச ஆதாரமும் போச்சே!"

குரு கம்பைச் சுவரில் சாத்தினார்.

சத்தம் கேட்டுக் கோமு வந்து நின்றாள். கையில் கரண்டி. கட்டிலைப் பார்த்தாள். தலையணை இருந்த இடத்தைப் பார்த்தாள். தலையில் வைத்த கையை இன்னும் எடுக்காமல் நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

அவள் அழவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"தினம் கண்ண மூடும்போது ஒண்ணு நினைச்சுக்கிடுவேன்," என்றாள். "இது என் தலையில விழுந்தாலாவது உங்க கேஸ் ஜெயிச்சிரும்லான்னு."