வரிசையில் ஐந்தாவது ஆள்

ஓவியர் யோஸ்டிடம், கல்லில் வரைந்து தாளில் பதிக்கும் கல்லச்சுக் கலையைக் கற்றுக்கொள்ள உர்சினா வந்தபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை ஆல்ப்ஸ் மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவள். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள்.

யோஸ்டின் நாற்பதாண்டுப் படங்களையெல்லாம் திரட்டி பெர்ன் நகரில் கண்காட்சி வைக்க ஏற்பாடானது. குறிப்பு எழுதும் வேலை உர்சினாவுடையது. அலமாரியைக் கிளறியபோது ‘புல் அறுப்பு’ என்ற பழைய படம் அகப்பட்டது. ஐந்து பேர் வரிசையாக நின்று, ஆளுயரக் காம்புள்ள புல் அரிவாளை வீசுகிறார்கள். நால்வர் வலமிருந்து இடமாக. ஒருவன் மட்டும் இடமிருந்து வலமாக.

கூடவே ஒரு பத்திரிகைத் துண்டு. “இந்த ஓவியர் அரிவாளைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை” என்று எழுதியிருந்தது. அந்த வரிக்குப் பிறகு ஏழு வருஷம் எந்தக் கண்காட்சியும் யோஸ்டைக் கூப்பிடவில்லை.

“கல்லில் வரைவது தாளில் இடம்வலம் மாறி விழும். இவனை மட்டும் திருப்பி வரைய மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டாள்.

“மறக்கவில்லை.”

“அப்படியானால் ஏதாவது உட்பொருளா?”

“அதெல்லாம் இல்லை.”

“பிறகு?”

யோஸ்ட் தொப்பியை எடுத்துக்கொண்டார். “வா. மேல் புல்வெளியில் இன்று அறுப்பு.”

மேலே எட்டுப் பேர் வரிசை பிடித்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெகு தள்ளி, ஓடைக்கரையில், ஒரு கிழவர் தனியாக. அவருடைய அரிவாளின் அலகு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

உர்சினா நேரே அவரிடம் போனாள். “ஏன் ஐயா தனியாக அறுக்கிறீர்கள்?”

“நான் இடக்கைக்காரன் அம்மா,” என்றார் அந்தக் கிழவர், காஸ்பர். “வரிசையில் நின்றால் பக்கத்து ஆளின் கால் போய்விடும். பதினாறு வயதில் அப்பா இந்த ஓரத்தைக் காட்டினார். அறுபது வருஷமாக இதுதான் என் இடம். அங்கே என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது, காற்று இந்தப் பக்கம் அடித்தால்தான் தெரியும்.”

“உங்களை அவர் வரைந்த படம்...”

“சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.” அவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கினார்.

இறங்கி வரும் வழியில் உர்சினாவுக்கு மனம் ஆறவில்லை.

“பத்திரிகைக்கு ஒரு வரி பதில் எழுதியிருக்கலாமே?”

“என்ன எழுதுவது? பத்திரிகைக்காரர் சொன்னது சரிதானே. அப்படி நின்று யாரும் அறுக்க முடியாது.”

“அது தெரிந்துமா வரைந்தீர்கள்? ஏழு வருஷம் போயிற்றே!”

யோஸ்ட் நின்றார்.

“நாற்பது வருஷமாக அந்தத் தாளில் ஐந்து பேரும் சேர்ந்துதான் அறுக்கிறார்கள், உர்சினா. இதுவரை யாருக்காவது கால் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்.”