மரநாய் விற்ற விடைகள்

முள்ளி என்ற முள்ளம்பன்றியும் வரியன் என்ற அணிலும் ஏரிக்கரைக் காட்டுக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தார்கள். கடைசித் தேர்வு ஆங்கில வாசிப்பு. அதில் முதலிடம் பெறுபவருக்குக் காட்டு மருந்துக் கூடத்தில் வேலை நிச்சயம். நகரத்திலிருந்து வரும் மருந்துப் புட்டிகளில் ஆங்கிலம்தான் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஆள் அங்கே வேண்டியிருந்தது.

முள்ளி மூன்று மாதம் உழைத்தாள். சுற்றுலா வந்தவர்கள் வீசிய பழைய செய்தித்தாள், பிஸ்கட் உறை என்று எதையும் விடவில்லை. அவளிடம் ஓர் அகராதி இருந்தது. அதன் பின்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. அதில் இல்லாத சொல் வந்தால், வாக்கியத்தை நாலு தடவை முன்னும் பின்னும் படித்துப் பொருளைப் பிடித்துவிடுவாள்.

வரியன் மரத்திலிருந்து இறங்கி வந்து சிரித்தான்.

"எதுக்கு இந்தப் பாடு? மரநாயோட ஜெராக்ஸ் கடையில விடை கிடைக்குது! கொக்கு சார் வருஷா வருஷம் அதே பத்தியைத்தான் கேட்கிறார். பத்தே பத்து விடை. மனப்பாடம் பண்ண அரை மணி நேரம் போதும்!"

"பத்தியில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் முள்ளி.

"அது யாருக்குத் தெரியும்? விடைதானே வேணும்!"

தேர்வு நாளில் அதே பத்திதான் வந்தது. ஒரு மேய்ப்பனின் கதை. அவன் ஏன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்பது ஒரு கேள்வி. 'தண்ணீர் கெட்டிருந்தது' என்று எழுதினாள் முள்ளி. மற்ற எல்லாரும் 'அவனுக்குத் தாகம் இல்லை' என்று எழுதினார்கள்.

முடிவு வந்தது. வரியனுக்குப் பத்துக்குப் பத்து. மற்றவர்கள் மனப்பாடத்தில் ஒன்றிரண்டைக் கோட்டைவிட்டிருந்தார்கள். முள்ளிக்கு ஆறு. தேற ஏழு வேண்டும்.

முள்ளி கேள்வித்தாளோடு கொக்கு வாத்தியாரிடம் ஓடினாள். வரியனும் அங்கே இருந்தான்.

"சார், மேய்ப்பனுக்கு நாக்கு வறண்டுபோச்சுன்னு மூணாவது வரியிலேயே இருக்கு! தாகம் இல்லைன்னு எப்படி வரும்?"

கொக்கு தாளை வாங்கினார். ஒற்றைக் காலில் நின்று நெடுநேரம் பார்த்தார். தாள் தலைகீழாக இருந்தது. அவருக்கும் விடைகளைக் கொடுத்தது மரநாய்தான் என்று அப்போதுதான் முள்ளிக்கு விளங்கியது.

"நாற்பது பேர் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. நீ மட்டும் வேற எழுதியிருக்கே. அப்போ தப்பு யார் பக்கம்?" என்றார் கொக்கு.

"வரியா, நீயாவது ஒரு தடவை படிச்சுச் சொல்லு!" என்றாள் முள்ளி.

வரியன் பத்தியை உற்றுப் பார்த்தான். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்!" என்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

மருந்துக் கூடத்து வேலை வரியனுக்குக் கிடைத்தது. முள்ளி கிழங்கு தோண்டப் போனாள்.

மழைக்காலத்தில் ஒரு பெண்மான், இருமிக்கொண்டிருந்த தன் குட்டியை மருந்துக் கூடத்துக்குக் கூட்டி வந்தாள். வரியன் புட்டிகளைப் பார்த்தான். எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. சிவப்பாக இருந்த ஒன்றை எடுத்து நீட்டினான்.

"மூணு வேளை ஒரு மூடி குடுங்க. சரியாப் போயிடும்!"

மறுநாள் குட்டி செத்துப்போனது.

தாய்மான் அந்தப் புட்டியோடு முள்ளியைத் தேடி வந்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு? நீ நிஜமாவே படிப்பேன்னு சொல்றாங்க."

முள்ளி படித்தாள். மறுபடியும் ஒரு தடவை படித்தாள்.

"சொல்லும்மா."

"மேலே பூச மட்டும். குடிக்கக் கூடாதுன்னு இருக்கு."

"இவ்வளவு பெரிய எழுத்திலயா?"

"ஆமாக்கா."

மான் கொக்கு வாத்தியாரிடம் போய்க் கதறினாள்.

"வரியன் பத்துக்குப் பத்து வாங்கினவன்! அவன் தப்புப் பண்ணுவானா? உன் குட்டிக்கு ஆயுசு அவ்வளவுதான்!" என்று அவர் இறகைக் கோதிக்கொண்டார்.

அடுத்த ஆண்டும் தேர்வு நடந்தது. மரநாய் கடை வாசலில் வரிசை ஏரிக்கரை வரை நீண்டிருந்தது.

படிக்காமல் வாங்கிய மதிப்பெண்ணுக்கு, அதை வாங்கியவன் விலை கொடுப்பதில்லை. அவனை நம்பி வந்தவன்தான் கொடுக்கிறான்.