பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்

கூஃபாக்காரர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வராது. கடிதம் போட்டு ஆளை வரவழைப்பார்கள், வந்து நின்றால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் முஸாஹிம் பின் லபீத் அந்த ஊரில்தான் இருந்தார். மார்க்கச் சட்டம் படித்தவர், பழைய செய்திகளைத் தொகுத்துச் சரித்திரம் எழுதியவர். அவருக்காக அந்த ஊரின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முஸாஹிம் கறாரான ஆள். யாராவது அவரிடம் போய் "இப்படி நடந்ததாம்" என்று சொல்லிவிட்டால் போச்சு. "நடந்தது சரி, அந்த 'ஆம்' யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். யார் கண்ணால் பார்த்தது, பார்த்தவரிடம் யார் காதால் கேட்டது, கேட்டவர் யாரிடம் சொன்னது என்று அறுந்துபோகாமல் சங்கிலி அவர் வரைக்கும் வர வேண்டும். வராவிட்டால் எழுத மாட்டார்.

அதோடும் விடமாட்டார். செய்தி சொன்ன ஒவ்வொருவர் பெயரும் தனியாக ஒரு ஏட்டில் ஏறும். பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல். நம்பகமானவர். மறதிக்காரர். பொய்யர். அந்தச் சொல்லைப் பொறுத்துத்தான் அவர் சொன்ன செய்தி நிற்கும், இல்லையென்றால் விழும்.

ஒன்பது வருஷமாக அந்த ஏட்டை எழுதி வந்தது நுஐம் பின் ரபீஆ என்ற மாணவன். மாணவன் என்றதும் சின்னப் பையன் என்று நினைக்க வேண்டாம். முப்பத்தாறு வயது, தாடியில் நரை விழுந்துவிட்டது. வேறு எத்தனையோ ஆசிரியர்கள் இருந்தும் அவன் இந்தக் கறார்க்காரரிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

அவனுடைய ஊர் நஹ்ருல் முர், ஒரு வாய்க்கால் கரை ஊர். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஆளுநரின் படை ஊரைச் சுற்றி வளைத்தது. அறுபத்திரண்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குள் புகுந்துகொண்டார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதில் ஒருவர் நுஐமின் வாப்பா ரபீஆ.

அவர்கள் சரணடைவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, வாக்கை மீறி வாளோடு பாய்ந்து வந்து சண்டையில் செத்தார்கள் என்பதுதான் நாடெல்லாம் சொன்ன கதை. சொன்னவர்கள் பதினாலு பேர். எல்லோரும் அந்தப் படையோடு போனவர்கள், பள்ளியில் முதல் வரிசையில் நின்று தொழுகிறவர்கள். அவர்களுடைய நாணயத்தைச் சந்தேகிக்க யாருக்கும் நா எழவில்லை.

நுஐமின் உம்மா சொன்னது வேறு. படைத்தலைவன் தன் தலைப்பாகையைக் கழற்றி உள்ளே அனுப்பினான் என்றாள். தலைப்பாகையை அனுப்பினால் அபயம் கொடுத்ததாக அர்த்தம், அதற்குப் பிறகு மேலே கை வைக்கக்கூடாது, அதுதான் அரபிகளின் வழக்கம். அதை நம்பி வெறுங்கையோடு வெளியே வந்தவர்களைக் கையைக் கட்டிப்போட்டு வெட்டினார்கள் என்றாள்.

ஆனால் அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தவள். யார் சொன்னது என்று முஸாஹிம் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு யார் சொன்னது? ஊரே சொல்கிறது. ஊரைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்க முடியாதே என்று முஸாஹிம் கையை விரித்துவிட்டார். பாவி மனுஷர், கொஞ்சம் மெதுவாகவாவது சொல்லியிருக்கலாம். அந்தக் குறையோடுதான் அவள் மவுத்தாகிக் கண்ணை மூடினாள்.

பதினாலு பேரும் ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே ஒப்பிக்கிறார்களே, அது உங்களுக்கு உறுத்தவில்லையா என்று நுஐம் பலமுறை கேட்டிருக்கிறான். முஸாஹிம் நஹ்ருல் முர் பற்றிய இடத்தில் பதினாலு பேர் சொன்னதை எழுதி, எதிர்ப் பக்கத்தைக் காலியாக விட்டுவைத்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அந்த வருஷம் புத்தகம் முடிந்துவிட்டது. பிரதி எடுக்கிறவர்கள் டமாஸ்கஸிலிருந்தும் மதீனாவிலிருந்தும் வரப்போகிறார்கள். பிரதி ஊர் ஊராகப் போய்விட்டால் அப்புறம் யார் துரத்திப்போய்த் திருத்துவது? வாப்பா வாக்குத் தவறிய மனுஷனாகவே நிலைத்துவிடுவார் என்று நுஐமுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் முஸாஹிம், எழுபது வயதில், ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு பஸ்ராவுக்குக் கிளம்பினார். எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பும்போது கூடவே ஒரு கிழவனை அழைத்து வந்தார். பெயர் ஹவ்ஷப். பஸ்ராவில் பாய் முடைந்து பிழைக்கிறவன். முன்பு சிப்பாயாக இருந்தவன்.

கிழவனை உள்ளே விடுவதற்கு முன்னால் முஸாஹிம் மாணவனைத் தனியாக அழைத்தார். அவன் சொல்வதை எழுது, எழுதியதை அவனுக்கே வாசித்துக் காட்டு, அவன் ஆம் என்று சொல்கிற வரைக்கும் உன் பெயரை வெளியே விடாதே என்றார். வாசித்துக் காட்டுவது அவர்களுடைய வழக்கம். சொன்னவன் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் அது செய்தி.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து உட்கார்ந்தார்கள். ஹவ்ஷப் தயங்காமல் சொன்னான். தலைப்பாகை உள்ளே போனதைப் பார்த்தானாம். அதை ஈட்டியில் மாட்டிக் கொண்டுபோனவன் இவன் பக்கத்தில் நின்றவனாம். அறுபத்திரண்டு பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். கையைக் கட்டி வாய்க்கால் ஓரம் உட்காரவைத்து, சிப்பாய்களுக்கு ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

உன் பங்குக்கு வந்தது யார் என்று முஸாஹிம் கேட்டார்.

"பெயர் சொன்னான். ரபீஆ பின் ஹானி. முகம் கழுவ வேண்டும், கையை அவிழ்த்துவிடு என்றான். அவிழ்த்துவிட்டேன். கழுவிவிட்டு அவனாகவே கையை நீட்டினான். மறுபடி கட்டினேன். வெட்டினேன்."

நுஐம் தலை நிமிரவில்லை. எழுதி முடித்தான். பிறகு வாசித்தான். எங்கும் நிறுத்தவில்லை. ஹவ்ஷப் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆம், ஆம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தான். கடைசி வாக்கியத்தில் கையைத் தூக்கினான்.

"ஒரே வெட்டில் என்று வாசித்தாயே, நான் அப்படிச் சொல்லவில்லையே. மூன்று வெட்டு. வாள் மழுங்கிக் கிடந்தது."

முஸாஹிம் மாணவனைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் யார் வாயிலும் வராத ஒரு வார்த்தையை அவன் எழுதியது அதுதான் முதல் தடவை. அவனே அறியாமல் கை எழுதிவிட்டது. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் நுஐமே அவன் பெயருக்குப் பக்கத்தில் பொய்யர் என்று கூசாமல் எழுதியிருப்பான்.

திருத்து என்றார் முஸாஹிம். நுஐம் சுரண்டி அழித்துவிட்டு மூன்று என்று எழுதினான். மறுபடி வாசித்தான். ஆம், இப்படித்தான் சொன்னேன் என்றான் ஹவ்ஷப்.

"நான் ரபீஆவின் மகன்" என்றான் நுஐம்.

கிழவன் மன்னிப்புக் கேட்பான், அழுவான், காலில் விழுவான் என்று நாமெல்லாம் எதிர்பார்ப்போம். ஒன்றும் நடக்கவில்லை.

"தெரிந்திருந்தால் ஒரு வெட்டு என்றே விட்டிருப்பேன்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ராவுக்குப் போகும் வணிகர் கூட்டம் எங்கே தங்கும் என்று வாசலில் யாரிடமோ விசாரித்துவிட்டுப் போய்விட்டான்.

முஸாஹிம் பெயர் ஏட்டைத் திறந்து மாணவன் முன்னால் வைத்தார். ஹவ்ஷப் என்ற பெயரை நுஐம் எழுதினான். பக்கத்தில் எழுத வேண்டிய சொல்லுக்கு வந்ததும் நாணல் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

ரத்தப் பழி கேட்க எனக்கு உரிமை உண்டா இல்லையா, சட்டம் சொல்லுங்கள் என்று கேட்டான். உண்டு, நாளைக்கே தீர்ப்புச் சொல்கிற காழியிடம் போ, ஆனால் இன்றைக்கு ஏட்டை முடி என்றார் முஸாஹிம்.

"தெரிந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன் என்று அவனே சொல்லிவிட்டுப் போகிறான், உஸ்தாத். இவனா நம்பகமானவன்?"

"தெரியாதபோது சொன்னதைத்தானே எழுதினோம்."

"என் வாப்பாவைக் கொன்றவன்."

"அதனால்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேறு யாருக்குத் தெரியும்?"

உம்மா சொன்னதும் இதேதானே என்று நுஐம் கத்திவிட்டான். பெற்றவள் அழுது சொன்னதை ஒன்பது வருஷம் ஏற்காதவர், வெட்டியவன் வந்து ஒரு பொழுதில் சொன்னதை ஏற்கிறீரே, இதற்குப் பெயர்தான் இல்மா, கல்வியா, இதையா இத்தனை நாள் உம்மிடம் படித்தேன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டான். உஸ்தாதிடம் அப்படிப் பேசுவது பெரிய தப்பு. முஸாஹிம் அவன் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்திருந்தார்.

"கட்டாயம் இல்லை" என்றார். "பொய்யர் என்று எழுது. உன் கை சுத்தமாக இருக்கும். அந்தப் பக்கம் காலியாகவே போகும். ரபீஆ வாக்கு மீறி வாளோடு வந்து செத்தார் என்று டமாஸ்கஸில் வாசிப்பார்கள்."

"அந்தப் பதினாலு பேரும் பொய்யர்கள் என்றுதான் இப்போது தெரிந்துவிட்டதே."

"யார் சொல்லித் தெரிந்தது?"

நுஐம் அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தான். எழுதினான். நம்பகமானவர். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று, ஆனால் வாசிக்கும்படி இருந்தது.

மை காய்வதற்காக ஏட்டைத் திறந்தே வைத்திருந்தார்கள். நுஐம் சும்மா இருக்க முடியாமல் முன்பக்கங்களைப் புரட்டினான். அவன் வந்து சேர்வதற்கு முந்திய காலத்துப் பக்கங்கள். அங்கே பதினாலு பெயர்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம்பகமானவர் என்ற அதே சொல், ஒரே மையில், ஒரு நடுக்கம்கூட இல்லாமல்.

"இது யார் எழுதியது, உஸ்தாத்?"

"நான்தான். ஒரே நாளில் எழுதினேன்."

"கை கூசவில்லையா?"

"ஏன் கூச வேண்டும்?" என்றார் முஸாஹிம். "அவர்கள் என் வாப்பாவையா கொன்றார்கள்?"