முகிலாண்டாரும் எச்சில் படாத பூவும்

இல்லங்க, நீங்க சொல்றதுல பாதிதான் சரி. பழைய பாட்டுல வர்ற மரம், பூ, வண்டு எல்லாம் சும்மா அழகுக்கு வச்சதுங்கிறீங்க. அப்போ முகிலாண்டார் கதைய என்ன பண்றது? அந்த மனுசனும் அப்படித்தானே நெனச்சிட்டிருந்தாரு, அதனாலதானே அவருக்கு அவ்வளவு பெரிய வெக்கம் வந்துச்சு. இருங்க, மொதல்லேருந்தே சொல்றேன்.

காவிரிக் கரையில கொன்றைக்குறிச்சின்னு ஒரு ஊரு. அங்க சிவன் கோயில் நந்தவனத்துல பூப் பறிக்கிறதுதான் முகிலாண்டாருக்கு வேல. களையெடுப்பாரு, எருக்குழியக் கிளறுவாரு, தண்ணி இறைச்சு ஊத்துவாரு. கூலின்னு பாத்தா மத்தியானம் கோயில்ல குடுக்குற ஒரு பட்டச் சோறு, அதாவது ஒரு கட்டி பிரசாதச் சோறு. அத அவரும் அவரு சம்சாரம் அவயாம்பாளும் பங்கு போட்டு சாப்பிடுவாங்க.

ஆனா அவருக்கு ஒரு பெரும இருந்துச்சு. வண்டு வாய் வச்ச பூ எச்சில், சாமிக்கு ஆகாதுன்னு ஒரு முறை உண்டுல்ல? அத அவர மாதிரி யாரும் காப்பாத்தினதில்ல. வெளிச்சம் வர்றதுக்குள்ள குளிச்சிட்டு, தன் மூச்சுகூட பூ மேல படக்கூடாதுன்னு வாயத் துணியால கட்டிக்கிட்டு, மொக்கு வாய் திறக்குற நேரமாப் பாத்து பறிச்சிடுவாரு. சிவசிவாங்கிறதகூட மனசுக்குள்ளதான் சொல்வாரு. தன் கையால ஒரு எச்சில் பூகூட சாமி தலைக்குப் போனதில்லங்கிறது ஒண்ணுதான் அவரு சொத்து.

ஒரு சித்திரையில கொன்றை தாறுமாறாப் பூத்துச்சு. நந்தவனத்து இலுப்ப மரத்துல பெரிய தேன்கூடு வேற. இவரு ஒத்தை ஆளு. பறிச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும், தேனீ வந்திடும். ஒரு நாள் கோயில் மணியக்காரர் தாண்டவராயர் பூக்கூடையில ஒரு தேனீயப் பாத்துட்டாரு.

"என்ன முகிலா, சாமிக்கு முன்னாடி விருந்தாளி சாப்பிட்டாச்சு போலிருக்கே."

பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. முகிலாண்டாருக்கு உடம்பே கூசிப் போச்சு. அன்னைக்குப் பொழுது சாயுறப்ப காஞ்ச தென்ன ஓலையப் பந்தமா கட்டி, இலுப்ப மரத்துல ஏறி, அந்தக் கூட்டக் கொளுத்திட்டாரு.

கோவத்துல செய்யலங்க. பஞ்சாட்சரம் சொல்லிக்கிட்டே செஞ்சாரு. அதுதான் கொடும.

மறுநாள் ஒரு தேனீ இல்ல. கீழ கருகிக் கெடந்ததையெல்லாம் வெளக்குமாத்தால கூட்டி எருக்குழியில தள்ளிட்டு, குளிச்சு, ஆற அமரப் பறிச்சு, கூடை நெறைய கொன்றையோட சன்னதிக்குப் போனாரு. அங்க சபேச ஓதுவார் அந்தக் கோயில் பதிகத்தப் பாடிக்கிட்டிருந்தாரு. தினம் பாடுறதுதான், முகிலாண்டாருக்கே மனப்பாடம். அதுல ஒரு பாட்டு வரும். ஊரே உறங்கினாலும் ஈசன் தலைக் கொன்றையில வண்டு மட்டும் பாட்ட நிறுத்தாது, அது பாடுறதக் கேட்டுத்தான் நாங்க பாடக் கத்துக்கிட்டோம்னு அர்த்தம். பாட்டுல வண்டுன்னா தேனீயும் அதுல சேர்த்திதான்.

முகிலாண்டார் கீழ பாத்தாரு. ஈரக் கால்ல, பெருவிரல் ஓரமா, ஒரு றெக்க ஒட்டிக்கிட்டிருந்துச்சு. குளிச்சும் போகல.

குருக்கள் கைய நீட்டுறாரு. இவருக்குக் கூடையக் குடுக்க முடியல.

"குடுப்பா, நேரமாகுது."

"இதப் போடாதீங்க சாமி. வண்டு தொட்டா எச்சில்னு இருந்தேன். என் கைதான் எச்சில்."

கூடையோட வெளிய போயிட்டாரு. ஓதுவார் பாட்ட முடிச்சிட்டு பின்னாடியே வந்து என்னாச்சுன்னு கேட்டாரு.

"சாமி, அந்தப் பாட்டுல வர்ற வண்டு அழகுக்குச் சொன்னதா, இல்ல நெசமாவே பாடுதா?"

ஓதுவார் அந்த வரிய வாய்க்குள்ள ஒரு தடவ பாடிப் பாத்தாரு. "அந்த எடத்துல சுருதி கொஞ்சம் மேல ஏறும். பிசகிடக் கூடாதேங்கிறதுலயே என் புத்தி இருக்கும். வண்ட நான் யோசிச்சதில்லையே."

"நானும் யோசிக்கல. சாமியோட பாட்டுக்காரங்கள எரிச்சிட்டு வந்து நிக்கிறேன்."

அதுலேருந்து முகிலாண்டார் பூவத் தொடல. தண்ணி ஊத்துவாரு, களையெடுப்பாரு, ஆனா தேனீ வந்து தொட்ட பூவத்தான் பறிப்பேன்னுட்டாரு. தேனீ வரல. கொன்றை பூத்துப் பூத்து தரையெல்லாம் மஞ்சளாக் கொட்டிச்சு. சாமி வெறும் வில்வத்தோட இருந்தாரு. மணியக்காரர் பட்டச் சோத்த நிறுத்தினாரு.

"வர்ற பிரதோசத்துக்குள்ள பூ வரணும். இல்லாட்டி வேற ஆள் வருவான். அப்புறம் நீ நந்தவனத்துப் பக்கம் கால வைக்கக் கூடாது."

சோறு போனத அவரு பெருசா எடுத்துக்கல. நந்தவனமும் கையவிட்டுப் போயிட்டா அவருக்கு வேற உசுரு ஏது? தெருவுல போனா, "முகிலாண்டாரே, எங்க வீட்டு ஈய வேணா அனுப்பட்டுமா?"ன்னு கேப்பாங்க. தலையக் குனிஞ்சிட்டே போயிடுவாரு.

அவயாம்பாள் ஒரு நாள் பொறுக்க மாட்டாம கேட்டாங்க. "ஏங்க, பானையில ஒரு பிடி அரிசி இல்ல. ஊரு சிரிக்குது. இப்படி இருக்கச் சொல்லி சாமி கேட்டாரா?"

"கேக்கல. அதுதான் அவயாம்பா கூசுது. சாமி என்ன நாலு வார்த்த வஞ்சிருந்தாக்கூடத் தேவலாம்."

அந்தம்மா எழுந்தாங்க. ஒரு சட்டியில தண்ணி எடுத்துட்டுப் போயி, இலுப்ப மரத்தடியில வச்சிட்டு வந்தாங்க. "வர்றதுங்களுக்குத் தாகமா இருக்கும்"னாங்க.

பிரதோச நாள் காலையில குருக்கள் நடை திறந்தவரு அப்படியே பின்வாங்கினாரு. வில்வமும் வாடிப்போன சாமி கழுத்துல தேனீக் கூட்டம், மாலையாவே தொங்குது. அப்படியே ஒரு பெரிய கொன்றை மாலை அளவுக்கு. கர்ப்பகிரகம் முழுக்க ஒரே ரீங்காரம்.

"பந்தம் கொண்டாங்கடா"ன்னாரு தாண்டவராயர்.

முகிலாண்டார் ஓடி வந்தாரு. நிமிந்து உள்ள பாக்கத் தைரியம் வரல. வாசப்படிக்குக் குறுக்க குப்புற விழுந்துட்டாரு. "என்னத் தாண்டிப் போங்க"ன்னாரு.

மணியக்காரர் கால எடுத்தாரு. அப்பதான் உள்ளேருந்து குரல் வந்துச்சு. அங்க நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு.

"முகிலா, என் பாட்டுக்காரங்களுக்குப் பசிக்குது. பூ கொண்டா."

தாண்டவராயர் எடுத்த கால வச்சிட்டு, கையக் கூப்பினாரு. முகிலாண்டார் எழுந்து போனாரு. பட்டப்பகல்ல, வாயக் கட்டாம, அழுதுகிட்டே நல்லா விரிஞ்ச பூவாப் பறிச்சாரு. கூடைய வாசப்படியில வச்சதும் தேனீயெல்லாம் எறங்கி வந்து பூ மேல உக்காந்துச்சு. ஒண்ணு மட்டும் அவரு மணிக்கட்டுல கொட்டுச்சு. கைய உதறல. "இது நியாயம்தான்"னு சொன்னாரு. அதுங்க குடிச்சு முடிச்சு இலுப்ப மரத்துக்குப் பறந்தப்புறம், மிச்சமான பூவ குருக்கள் சாமிக்குச் சாத்தினாரு. அன்னைலேருந்து அந்தக் கோயில்ல தேனீ வந்து போன பூதான் சாமிக்கு.

ஊரே அவர அடியாருன்னு கும்பிட ஆரம்பிச்சுது. அவரு கூசிக்கிட்டு தெருவோரமா ஒதுங்கிடுவாரு. இன்னொண்ணு, ஓதுவார் அந்த வண்டுப் பாட்ட எடுக்கறப்பல்லாம், சாகுற வரைக்கும், முகிலாண்டார் சன்னதிய விட்டு வெளிய நந்தவனத்துக்குப் போயிடுவாராம். பாட்டு முடிஞ்சப்புறம்தான் உள்ள வருவாராம். சுத்தமான பூவத் தேடினவரு கடைசியில தன் வெக்கத்தையே சாமிக்குச் சாத்தினாரு, அந்தப் பெரியவரு காலுக்கு ஒரு கும்பிடு.

ஆனா சாமியே கூப்பிட்டு மன்னிச்சப்புறமும் அவரு ஏன் வெளிய போனாரு? அந்தப் பாட்டக் கேக்க முடியாமலா, இல்ல நெசமாவே பாடுறதுங்களக் கேக்கவா? நீங்க என்ன நெனக்கிறீங்க, சொல்லுங்களேன்?