துரும்பு செல்லாதாம்

ஆட்டோக்காரன் சொக்கனும் பூவாயியும் பிரிந்தபோது, ஊர்த்தலைவர் வேலப்பர்தான் பஞ்சாயத்தில் ஊர் வழக்கப்படி துரும்பை முறித்துப் போட்டுக் கல்யாணத்தை அத்துவிட்டார். பல வருஷம் கழித்து அவரே சொக்கனைக் கூப்பிட்டு அதட்டினார்.

“துரும்பு முறிச்சதெல்லாம் சட்டப்படி செல்லாதாம், வக்கீல் சொல்லிட்டார். அவ இன்னும் உன் பொண்டாட்டிதான். நாளைக்குக் கேஸ் வந்தா என் தலைதான் உருளும். இன்னைக்கே போய்க் கூட்டிட்டு வா!”

சொக்கன் தலையைச் சொறிந்தான். “இந்த மூஞ்சிக்கு ஒருத்தி கழுத்தை நீட்டினதே பெருசு. அவளும் தலைதெறிக்க ஓடினா. சட்டமே திருப்பித் தருதுன்னா கசக்குமாங்க? போறேன். உங்க மூத்த சம்சாரத்துக்கும் இதே துரும்பைத்தானே முறிச்சீங்க? ஆட்டோவில இடமிருக்கு. அவங்களையும் ஏத்திட்டு வந்துடவா ஐயா?”

உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்த இளைய சம்சாரம் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

“செல்லும்டா, செல்லும்!” என்று அலறினார் தலைவர். “வக்கீலுக்கு என்ன தெரியும்?”