தூக்கிப்போட்ட புள்ளிகள்

குரு என்றதும் தாடியைத் தேடுகிறவர்கள் இந்தக் கதையில் ஏமாந்து போவார்கள். இங்கே குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் உமையாள். கடற்கரையோரம் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானி. சீடருக்கு ஐம்பத்தொன்று. பெயர் அருளப்பன். அவர் ‘மேடம்’ என்று கூப்பிடுவார், உமையாள் ‘சார்’ என்று கூப்பிடுவார். கற்றுக்கொண்டது யார் என்பதில் இருவருக்குமே குழப்பம் இருந்ததில்லை.

அருளப்பன் இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் ஓடியவர். குமரிக் கரையில் முள்ளந்துறை அவர் ஊர். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே கடல் ஏறியது. மழையில்லை, காற்றில்லை, வானம் வெளுத்துக் கிடந்தது. எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை நாள் கணக்கில் நடந்து வந்து, சொல்லாமல் கரையேறும். ஊரில் அதைக் கள்ளக்கடல் என்பார்கள்.

அவருடைய தங்கை பிலோமினாவின் கணவர் ததேயூஸ், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரையில் ஏற்றி வைத்த மீன்பிடி வள்ளத்தின் நிழலில் படுத்திருந்தார். கடல் அந்த வள்ளத்தைத் தூக்கி அவர் மேலேயே போட்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கப்பல்காரன் மச்சான் இருந்தும் ஒரு வார்த்தை வரவில்லையே என்று அடக்கத்தில் யாரோ சொன்னார்கள். சொன்னவர் மறந்திருப்பார்.

அருளப்பனுக்கு அன்று முதல் இருப்புக் கொள்ளவில்லை. கப்பலை விட்டு இறங்கினார். உமையாளிடம் ஒப்பந்த உதவியாளராக வந்து சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து ஒரே கேள்வியைத்தான் விதவிதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: சந்தேகமே இல்லாத அளவு எது?

வேலை இதுதான். செயற்கைக்கோள் வானத்திலிருந்து கடலை நோக்கி ரேடார் துடிப்புகளை அனுப்பும். அவை பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துக் கடல் மட்டத்தைக் கணக்கிடுவார்கள். ஒரு நொடிக்குள் இருபது முறை அளந்தால் இருபதும் ஒன்றுபோல் இருக்காது. இரண்டு விரற்கடை ஏறும், இறங்கும். அது கடலின் ஏற்ற இறக்கம் அல்ல, அளவையின் தடுமாற்றம். காதுக்கு ஒன்றும் கேட்காவிட்டாலும் அதை இரைச்சல் என்றுதான் சொல்வார்கள். தடுமாற்றம் மிஞ்சிய நொடியைக் கெட்ட புள்ளி என்று ஒரு விதி கழித்துவிடும்.

பழைய செயற்கைக்கோள் ஒன்று, புதியது ஒன்று. தெற்குக் கரைக்கான எச்சரிக்கைக் கணக்கில் இரண்டில் ஒன்றின் அளவுகளைத்தான் ஏற்ற முடியும். எதில் இரைச்சல் குறைவு என்று ஒப்பிட்டுச் சொல்லும் அறிக்கை அருளப்பன் பொறுப்பு. அன்று மாலை நாலு மணிக்குக் குழு கூடுகிறது.

காலை பத்து மணிக்கு அறிக்கையை உமையாளின் மேசையில் வைத்தார். பழையதில் இரைச்சல் மூன்றரை சென்டிமீட்டர். புதியதில் இரண்டுக்கும் கீழே.

“புதுசுதான், மேடம். பழசு தண்ணி போட்டவன் கையெழுத்து மாதிரி கெடக்கு. புதுசு ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி போவுது.”

உமையாள் பக்கத்தைப் புரட்டவில்லை.

“எத்தனை புள்ளி?”

அதை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. நின்றபடியே கணினியில் எண்ண வைத்தார். பழையதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளிகள் இருந்தன. புதியதில் எண்பத்தேழு.

“மிச்சம் பதிமூணு எங்க, சார்?”

“கழிவுல. எல்லாம் கெட்ட புள்ளி, மேடம். புதுசுக்கு விதி கடுசு, தானா விழுந்துரும்.”

“அதைக் கொண்டு வாங்க.”

அருளப்பனுக்கு எரிச்சலாக வந்தது. நாலு மணிக்குக் கூட்டத்தை வைத்துக்கொண்டு இது என்ன விளையாட்டு என்று நினைத்தார். கழிவு என்று ஒரு கோப்பு அந்த நிலையத்தில் உண்டு. விதியில் தேறாத புள்ளிகளெல்லாம் அதில் போய் விழும். அதை யாரும் திறப்பதில்லை. பெருக்கி முடித்தவர்கள் முறத்தைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்ன? டீயை வாங்கி வைத்துவிட்டு, அதைக் குடிக்க மறந்து, கோப்பைத் திறந்தார்.

பதினோரு மணிக்கு அவருக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. தூக்கிப்போட்ட புள்ளிகளில் பெரும்பாலானவை அலை பெரிதாக இருந்த இடங்களில் எடுத்தவை. அலை பெரிதானால் திரும்பி வரும் துடிப்பு கலங்கும், இருபது அளவும் இருபது பக்கம் குதிக்கும். விதி அதைக் கெட்டது என்று கழித்துவிட்டது. மிஞ்சியது முழுக்க அமைதியான கடல். நாலு பேரில் ஊமையைப் பொறுக்கி எடுத்து, இவன்தான் பொய்யே சொல்லாதவன் என்று சான்றிதழ் எழுதியிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

ஒரே நாள், ஒரே அலை உயரம், எதையும் கழிக்காமல் இரண்டையும் மறுபடி ஒப்பிட்டார். அமைதியான கடலில் புதியது கொஞ்சம் மேல். பெரிய அலையில் இரண்டும் ஒரே மாதிரி தள்ளாடின.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் கை நிற்கவில்லை. ததேயூஸ் இறந்த வாரத்தைத் தட்டினார். அதற்கு இரண்டு நாள் முன்னால் புதிய செயற்கைக்கோள், சோதனை ஓட்டமாக, தெற்கே நடுக்கடலைக் கடந்திருந்தது. அவர் அறிக்கையில் பெருமையாக வரைந்து வைத்திருந்த கோடு அந்த இடத்தில் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நடுவில் புள்ளிகளே இல்லை. இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்திருந்தது, அவ்வளவுதான்.

அங்கே இருந்திருக்க வேண்டிய அறுபத்து மூன்று புள்ளிகளும் கழிவில் கிடந்தன. மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டிருந்தன. அத்தனை குதிப்புக்கும் பெரிய அலை ஒன்று வருகிறது என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை.

அருளப்பன் எழுந்து போய்க் குழாயடியில் நின்று அழுதார். முகம் கழுவிக்கொண்டு உமையாளின் அறைக்கு வந்தபோது மணி ஒன்று.

“என் கோடு அன்னைக்கு நேராப் போயிருக்கு, மேடம்.”

எந்த நாள் என்று உமையாள் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார். அருளப்பன் உட்காரவில்லை. இனி ஒரு புள்ளியைக்கூடக் கழிக்கப்போவதில்லை, எல்லாவற்றையும் எச்சரிக்கைக் கணக்கில் ஏற்றப்போகிறேன் என்று படபடவென்று சொன்னார். உமையாள் தடுக்கவில்லை. போன வருஷத்துக் கடலை வைத்து அப்படியே ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

ஓட்டிப் பார்த்தார். கழிக்காமல் விட்டால் முள்ளந்துறைக்கு ஒரே வருஷத்தில் நாற்பத்தொரு எச்சரிக்கைகள் போயிருக்கும். உண்மையில் கடல் ஊருக்குள் வந்தது மூன்று முறை. மணி இரண்டேகால் ஆகியிருந்தது. தாளைக் கசக்கிப் பிடித்தபடி திரும்பி வந்தார்.

“நாலாந் தடவையே ஊரு சிரிச்சிரும். அஞ்சாந் தடவை ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். கழிச்சா ஆளு போவுது, கழிக்கலன்னா பேச்சு எடுபடாது. எது இரைச்சல், எது கடல்? அதை மட்டும் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது.”

பதினைந்து வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருப்பவர் இப்படிச் சொன்னதில் அருளப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரியாது என்று சொல்ல ஒரு குரு எதற்கு என்று வாய்வரை வந்ததை விழுங்கினார்.

“உங்க தங்கச்சிக்கு ஃபோன் போடுங்க, சார்.”

“ரேடாரைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?”

“ரேடாரைக் கேட்க வேண்டாம். எத்தனை தடவை வீணா எழுப்பினா பொறுத்துக்குவாங்கன்னு கேளுங்க.”

வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலு தடவை நடந்தார். பிலோமினாவோடு வாரம் தவறாமல் பேசுகிறவர்தான். பிள்ளைகளின் படிப்பு, அவளுடைய முழங்கால் வலி, கூரை ஒழுகுவது எல்லாம் பேசியிருக்கிறார். அந்த நாளைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே பேசியதில்லை. ஐந்தாவது தடவை நடக்கும்போது எண்ணை அழுத்தினார்.

எதையும் மறைக்கவில்லை. வானத்தில் ஒன்று அந்த அலையைப் பார்த்தது, அது சொன்னதைக் கெட்ட புள்ளி என்று குப்பையில் போட்டிருக்கிறார்கள், போட்ட பிறகு மிஞ்சிய கோட்டைத்தான் நல்ல கோடு என்று தான் எழுதிக் கொடுக்க இருந்தது, எல்லாவற்றையும் சொன்னார்.   பிலோமினா, ஒன்றையும் கழிக்காமல் சொன்னால் வருஷத்துக்கு எத்தனை தடவை எச்சரிக்கை வரும் என்று கேட்டாள்.

“போன வருஷக் கணக்குல நாப்பத்தொண்ணு. அதுல நெசம் மூணு.”

“அந்த மூணும் எனக்குத் தெரியும். ரெண்டு தடவை அடுப்பு நனைஞ்சுது.”

“மத்த முப்பத்தெட்டும் வீண், பிலோமி. எந்திரிப்பியா?”

“நாப்பத்தொண்ணையும் சொல்லுண்ணே. ஆனா எல்லாத்தையும் ஒரே குரல்ல சொல்லாத. சந்தேகம்னா சந்தேகம்னு சொல்லு. நான் வள்ளத்தை மேல ஏத்திக் கட்டிட்டு வேலையப் பாப்பேன். நிச்சயம்னா நிச்சயம்னு சொல்லு. புள்ளையளக் கூட்டிக்கிட்டு மேட்டுக் கோயிலுக்கு ஏறிருதேன். கடல்ல போறவன் வீட்டுல என்னைக்குண்ணே எல்லாம் நிச்சயமா இருந்துச்சு?”

பிலோமினாவே தொடர்ந்தாள்.

“அன்னைக்குச் சந்தேகம்னு ஒரு வார்த்தை வந்திருந்தா, அவிய வள்ளத்தடியில படுத்திருக்க மாட்டாவ.”

அதற்குப் பிறகு அவள் அழுதாள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். இரண்டு வருஷம் கழித்து அண்ணனும் தங்கையும் அந்தச் சாவுக்குச் சேர்ந்து அழுதது அப்போதுதான்.

அறிக்கையை முதல் வரியிலிருந்து திருப்பி எழுதினார். அமைதியான கடலில் புதியதில் இரைச்சல் குறைவு. பெரிய அலையில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. கழித்த புள்ளிகளை எறியக் கூடாது. ஒவ்வோர் அளவோடும் அது எவ்வளவு தள்ளாடியது என்பதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். கரைக்குப் போகும் செய்தி சந்தேகம், நிச்சயம் என்று இரண்டு வகையாக இருக்க வேண்டும். எழுதி முடிக்க மூன்று ஐம்பது ஆனது. உமையாள் ஒரு கமாவைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு, கூட்டத்துக்கு அவரையே தனியாக அனுப்பினார்.

கூட்டம் சுமுகமாக நடக்கவில்லை. தலைவருக்கு ஒரே வரியில் பதில் வேண்டியிருந்தது. எது நல்லது, பழையதா புதியதா என்று மூன்று தடவை கேட்டார். எந்தக் கடலில் என்று அருளப்பன் மூன்று தடவையும் திருப்பிக் கேட்டார். ஒப்பந்த உதவியாளருக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று ஒருவர் முணுமுணுத்தார். கடைசியில் முடிவைப் பதினைந்து நாள் தள்ளிவைத்து, அந்தக் கழிவுக் கோப்பை அனுப்பி வையுங்கள் என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

அருளப்பன் உமையாளின் அறைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். நாற்காலியை இழுத்தார், உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார்.

“இன்னொண்ணு கேக்கணும், மேடம்.”

“கேளுங்க, சார்.”

“ரெண்டு வருஷமா எனக்குள்ள ஒண்ணு கெடந்து அடிச்சுக்கிட்டே இருக்கு. ராத்திரி படுத்தாலும் அடிக்கி, சோத்துல கை வச்சாலும் அடிக்கி. இன்னைக்காவது நிக்கும்னு பார்த்தேன், நிக்கல. இது எப்ப அடங்கும்?”

உமையாள் கைப்பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்து மூடினார்.

“அடங்கின அன்னைக்கு வந்து சொல்லுங்க, சார். உங்களுக்கு வேற வேலை பார்த்துத் தரேன்.”